டிராக்டரைப் பிடித்த எல்லைப் பேய்

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், முனிரத்தினத்தின் களத்துமேட்டில் நிற்க இடம் கிடைக்காது. புத்தூரிலிருந்து ஒரு கூட்டம், நகரியிலிருந்து ஒரு கூட்டம். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைக் கும்பிடப் புறப்பட்டவர்கள்கூட வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிள்ளையார் எங்கே போய்விடப் போகிறார்? பேய் பிடித்த டிராக்டரை இன்றைக்கு விட்டால் பிறகு பார்க்க முடியுமா?

ஆமாம், டிராக்டருக்குத்தான் பேய் பிடித்திருந்தது. மனுஷியைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போன பேய், காலத்துக்கு ஏற்ற மாதிரி இயந்திரத்துக்கு மாறிவிட்டது போலிருக்கிறது.

அது ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு தீர்ப்பு சொன்னார்கள். இரண்டு அரசாங்கங்களும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, ஒரே ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெளிவாக இருந்தது. அவர்தான் எல்லைச் சாமியார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது மாடோ வண்டியோ முதல் தடவை ஊருக்குள் நுழைந்தால் எல்லையம்மனுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். சென்னைப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஓட்டித் தேய்த்த பழைய டிராக்டரை வாங்கிவந்த முனிரத்தினமும் மறக்காமல் உடைத்தார். சாமியார் விடவில்லை. ஊர் எல்லைக்கு உடைத்தாய், ராஜ்ய எல்லைக்கு உடைத்தாயா என்று கேட்டார். எந்த ராஜ்யம் என்று தெரியாமல் ஒரு பேய் அங்கே அலைகிறதாம். தாண்டிவருகிற சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம்.

பரிகாரமும் அவரே வைத்திருந்தார். எல்லைக்கல்லில் உடைத்த துண்டு ஒன்றை, அம்மிக் குழவி கனத்தில், மஞ்சள் துணியில் சுற்றி, டிராக்டரின் இடது கால் பெடலில் தொங்கவிட்டார். பேய் இடது பக்கமாகத்தான் ஏறுமாம். கல்லை அவரைத் தவிர வேறு யார் தொட்டாலும் ரத்தம் கக்குவார்களாம்.

கல் கட்டிய மறுவாரமே பேய் வந்தது. அதாவது, சாமியார் சொன்னது அப்படியே பலித்தது. கல் முதலில் வந்ததா, பேய் முதலில் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஏரைப் பூட்டி நிலத்தில் இறக்கினால் இன்ஜின் கத்தும், சக்கரம் நகராது. கருகிய நாற்றம் அடிக்கும். பேயின் மூச்சு அப்படித்தான் நாறும் என்றார் சாமியார். டிராக்டர் ஓட்டிய சம்பத்து அதுவரை மாட்டு வண்டி ஓட்டியவன். அவன் ஏறிய முதல் டிராக்டரே இதுதான். பெடல் தாழ்ந்து தொங்குவது அதன் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். திருப்பதியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் கல்லைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் வெள்ளிக்கிழமை பூஜை தொடங்கியது. சாமியார் முதல் காரியமாக ஏரைக் கழற்றச் சொல்வார். பேய்க்கு ஏர் ஆகாதாம். வேப்பிலையோடு ஏறி, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் மந்திரம் சொல்வார். பேய் எந்த ராஜ்யம் என்று முடிவாகாதபோது ஒரே பாஷையில் திட்டினால் எப்படி? பிறகு பழைய கல்லை அவிழ்ப்பார். அது பேயைக் குடித்துவிட்டதாம். சம்பத்து வண்டியைக் கிளப்புவான். ஏரும் இல்லை, கல்லும் இல்லை. டிராக்டர் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி களத்தைச் சுற்றிவரும். கூட்டம் கோவிந்தா போடும். உடனே சாமியார் இன்னும் கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்துக் கட்டிவிட்டு, சேவலையும் வேர்க்கடலை மூட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். திங்கட்கிழமை பேய் வந்துவிடும்.

ஊருக்கு இது வேடிக்கை. கமலம்மாவுக்கு அப்படியில்லை.

கமலம்மா தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். களத்துமேட்டை ஒட்டிய புறம்போக்கில் ஒரு துண்டு அவள் பெயருக்குத் தர்காஸ்தில், அதாவது அரசாங்கத்துக்கு மனுப் போட்டு, கிடைத்திருந்தது. சொந்தமென்று அவள் கால் வைத்த முதல் மண் அது. பயிர் வைத்தால்தான் பட்டா நிலைக்கும், வைக்காவிட்டால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும். முள்வேர் பின்னிய கட்டாந்தரை, மாட்டு ஏர் உள்ளே இறங்காது. ஊரில் இருந்ததோ இந்த ஒரே டிராக்டர். போன வருஷம் டிராக்டருக்குப் பேய் என்று தரிசாகப் போட்டாள். அதிகாரி வந்து பார்த்து, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வருஷமும் மழை பெய்து ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மனுஷியின் வாழ்வு அங்கே காய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் டிராக்டருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை சாமியார் வேப்பிலையை எடுக்கும்போது கமலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வாய் நிறைய வெற்றிலை.

"சாமி, எனக்குக் கை ஒடிஞ்சப்போ புத்தூர் கட்டுக்குப் போனேன். அவங்க மொத வேலையா, இங்க எவனோ போட்டு வுட்ட கட்ட அவுத்துட்டுத்தான் கையப் பார்த்தாங்கோ. நீ இன்னான்னா கட்டு மேல கட்டா போட்டுக்கினே போற. கட்டே இல்லாம, ஏரப் பூட்டி ஒரு வாட்டி ஓட்டிப் பார்த்தா இன்னா?"

சாமியார் முகம் கறுத்தது. கல் இல்லாமல் ஏர் பூட்டினால் டிரைவர் ரத்தம் கக்கிச் செத்துப்போவான், அந்தப் பாவம் யாருக்கு என்று உறுமினார். சம்பத்து மெதுவாக வண்டியை விட்டு இறங்கினான். முனிரத்தினம், வம்பு வேண்டாம் போ கமலம்மா என்று கெஞ்சினார்.

"நெலம் போனா நான் எப்பிடியும் செத்தவதான் நைனா," என்றாள் அவள். "நானே அவுக்கிறேன். ரத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

குனிந்து, முடிச்சை அவிழ்த்து, கல்லைத் தரையில் போட்டாள். கூட்டம் அவள் வாயையே பார்த்தது. கமலம்மா நிமிர்ந்து, திரும்பி, சிவப்பாகத் துப்பினாள். நான்கு பேர் அலறிக்கொண்டு ஓடினார்கள். வெற்றிலை என்று புரிந்துகொண்டு திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சம்பத்துக்கு வெட்கமாகிவிட்டது. ஏறி, ஏரைப் பூட்டி, கமலம்மாவின் கட்டாந்தரையில் இறக்கினான். டிராக்டர் முக்கியது, முனகியது, பிறகு முள்வேரைக் கிழித்துக்கொண்டு கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கறுப்பு மண் புரண்டு கிடந்தது. கமலம்மா அதைப் பார்த்து அழுதாள்.

சாமியார் சளைக்கவில்லை. பார்த்தீர்களா என் மந்திரத்தை என்றார். கூட்டமும் தலையாட்டியது. தலை இருப்பதே ஆட்டத்தானே!

கண்ணைத் துடைத்துக்கொண்டு கமலம்மா சொன்னாள்: "சரி சாமி, உன் மந்திரமே இருக்கட்டும். இப்ப அதே கல்லத் திரும்பக் கட்டிப் பார்க்கலாம்."

கட்டினாள். இன்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை, பேயின் மூச்சு குப்பென்று வீசியது. அவிழ்த்தாள். டிராக்டர் நகர்ந்தது. மறுபடி கட்டினாள், பேய் வந்தது. அவிழ்த்தாள், போய்விட்டது. இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பேயை எங்கள் ஜில்லாவில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு களமெல்லாம் பரவியது. சம்பத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் பெரிய கல்லைக் கட்டச் சொல்லி இன்ஜினை முழு வேகத்தில் கத்தவிட்டான். புகையே வந்துவிட்டது.

சாமியாரால் பொறுக்க முடியவில்லை. பழைய தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"டேய், நிறுத்துடா. கல்ல வெச்சிக்கினு இப்பிடி முறுக்கினா கிளச் பிளேட்டு எரிஞ்சி பூடும்டா."

சம்பத்து இன்ஜினை நிறுத்தினான். கமலம்மா அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"பேயின்னியே சாமி. பேய்க்குள்ள பிளேட்டு எப்போ வந்துது?"

கூட்டம் சாமியாரைப் பிடித்து உலுக்கியதில் மற்றது தானாக வெளியே வந்தது. சாமியாரின் சொந்தப் பெயர் சிட்டிபாபு. ரேணிகுண்டாவில் ஒரு லாரி ஷெட்டில் கிளீனராக இருந்தவர். இடது பெடல்தான் கிளச். அதை மிதித்தால் இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகாது, காலை எடுத்தால் போகும். கல்லைத் தொங்கவிட்டால் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவன் அரைகுறையாக மிதித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. வெறும் வண்டி ஓடிவிடும். ஏர் பூட்டினால் பிளேட் வழுக்கித் தேய்ந்து கருகும். பேயின் ஜாதகம் முழுக்க இவ்வளவுதான்.

அன்றைக்கே கமலம்மாவின் நிலத்தை உழுது முடித்தார்கள். அதிகாரி வந்தபோது வேர்க்கடலை முழங்கால் உயரம் நின்றது. பட்டாவை யாரும் பிடுங்கவில்லை. எல்லைத் தகராறும் ஒருவழியாகத் தீர்ந்தது. முனிரத்தினத்துக்குத்தான் மனசு ஆறவில்லை. பேயும் இல்லை, கல்லும் இல்லை, இனிமேல் டிராக்டருக்குத் திருஷ்டி பட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். படித்தவர்.

சிட்டிபாபு இப்போது மேற்கே எங்கோ ஆயில் இன்ஜின்களுக்குப் பேய் ஓட்டுகிறாராம். அங்கேயும் வெள்ளிக்கிழமைகளில் நிற்க இடம் கிடைப்பதில்லையாம். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை: கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள்.