கற்பூரம் காட்டாத பேட்டரிக் கடை

வாடிக்கையாளர்களை விரட்டுவதற்கென்றே கடை திறந்தவர், உலகத்திலேயே 'நாளைக்கு வா' அண்ணன் ஒருவராகத்தான் இருக்கும். பழவேற்காட்டில் வண்டி பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றும் கடை அவருடையது. மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் சுடச்சுட ஏற்றித் தருவார்கள். இவர் குறைந்த கரண்டில் ஆற அமர ஏற்றுவார்.

நான் அப்போது தோணிரேவிலிருந்து பொன்னேரிக்கு மீன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, எறா வண்டியில கீது. ஐஸு கரையுது."

"எறா செத்துப்போச்சு, அதுக்கு இன்னா அவசரம்? பேட்டரி உயிரோட கீது. நாளைக்கி வா."

கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய பேட்டரியைத் தொடமாட்டார். "இந்த உப்புத் தண்ணி உனக்கே ஒத்துக்கல, இதுக்கு ஊத்துறியே!" என்பார். சுவிட்சை அணைக்காமல் யாராவது கிளிப்பைக் கழற்றப் போனால் கையிலேயே ஒரு போடு போடுவார். ஊர்த் தலைவர் வாயிலிருந்த பீடியையே பிடுங்கி மணலில் புதைத்தவர் அவர்.

ஆயுத பூஜைக்கும் பூ, பொட்டு, பொரியோடு சரி. "சார்ஜ் ஏறச்சொல்ல வாயு வரும்பா. நெருப்பு காட்டினா வெடிக்கும். சாமிக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியல." ஊரார் அவரை நாத்திகர் என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஓர் ஆயுத பூஜையன்று என் பேட்டரி அங்கே சார்ஜில் இருந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். பிழைப்புக்கு ஆதாரமான பொருளுக்குப் பூஜை இல்லாமலா என்று நானே தட்டில் கற்பூரம் ஏற்றிப் பேட்டரிக்குச் சுற்றினேன். இரண்டு சுற்று வரை சாமி பொறுத்துக்கொண்டது. மூன்றாவதில் பேட்டரி வெடித்து, ஆசிட் என் முகத்தில் அடித்தது.

ஓடி வந்தவர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், இமையை விரித்துப் பிடித்துக் குடம் குடமாக ஊற்றினார். "மூடாதடா, மூடாத!" ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அந்தத் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றியதாம்.

கற்பூரத் தட்டை யார் பார்வையிலும் படாமல் எடுத்து வைத்தவரும் அவர்தான். அடிபட்டவனை ஊர் ஏசக்கூடாதாம். ஊர் அவரை ஏசியது. "கற்பூரம் காட்டாத கடை, சாமி சும்மா வுடுமா?" கட்டுப் போட்ட கண்ணோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் காட்டினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முட்டாள் பட்டம் வருமே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு யாரும் பேட்டரி கொண்டுபோகவில்லை. கடையைக் காலி செய்துகொண்டு ஆந்திரா பக்கம் கிளம்பியவர், போகிற வழியில் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நான் சொல்லியிருக்கணும்..."

"கண்ணு தெரியுதில்ல? வுடு." படியிறங்கியவர் திரும்பினார். "எரிஞ்சா கசக்காத. பச்சத் தண்ணில கழுவு."

அவரை நினைத்தால் இப்போதும் கண் எரிகிறது. கசக்குவதில்லை, கழுவிக்கொள்கிறேன்.