நாற்பது வட்டிலப்பம்

"நான் எப்ப உம்மா வட்டிலப்பம் வெச்ச?"

"கத்தாத புள்ள! பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! எனக்கு முட்டை அவிக்கவே தெரியாதெண்டு அவங்களுக்கும் தெரியும்!"

தெரியும்தான். சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கை முழுவதற்குமே தெரியும். ஸம்றா கணித டீச்சர். எந்த மக்குப் பிள்ளையையும் பரீட்சையில் கரையேற்றி விடுவாள். ஆனால் அவள் ஒருதரம் வைத்த பருப்புக் கறியை முற்றத்தில் கொட்டியபோது கோழிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கதை, அந்தக் கோழிகளின் சொந்தக்காரி வாயாலேயே வெளியே வந்தது.

"நோன்பு நாளையில பொய் சொல்லியிரிக்கீங்களே உம்மா!"

"நான் சொன்னது நோன்பு திறந்ததுக்குப் பொறகுதான்," என்றாள் சுல்பிகா.

நடந்தது இதுதான். பதினைந்தாம் நோன்பன்று மருதமுனையிலிருந்து சபியா உம்மா தன் மகன் றிஸ்வானோடு சுல்பிகா வீட்டுக்கு நோன்பு திறக்க வந்திருந்தார். பெண் பார்த்து, வாய்ப்பேச்சு முடிந்து, பெருநாள் கழிய நாள் குறிப்பதுதான் பாக்கி. சபியா உம்மா எதையும் லேசில் நல்லதென்று சொல்லிவிடுகிற ஆளல்ல. கஞ்சியில் உப்புக் குறைவு. சமோசாவில் எண்ணெய் கூட. கோழிக்கே வயது கூட. சுல்பிகாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனபோது, முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்த சபியா உம்மா கண்ணை மூடினார்.

"மாஷா அல்லாஹ்! ஆரு வெச்ச?"

ஓட்டோக்காரப் பஸாலிடம் சொல்லி வாங்கிய வட்டிலப்பம் அது. ஆனால் சுல்பிகாவின் வாய், சுல்பிகாவைக் கேளாமலே, "மகள்தான்" என்றது.

றிஸ்வானுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தான். பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. பேச்சு முடிந்த பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பெருநாள் பலகாரம் போவது வழக்கம். இருபத்தைந்தாம் நோன்பன்று காலையில் சபியா உம்மா போன் எடுத்தார்.

"வேறொண்டும் அனுப்பாதீங்க மதினி. பெருநாளைக்கு எங்கட குடும்பம் முழுக்க வரும். மருமகள்ட கையால நாப்பது வட்டிலப்பம். அது போதும்."

நாற்பது! சுல்பிகா போனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டி, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அவள் புருஷன் பளீல் வீட்டைக் கட்டி முடித்து மூன்று வருடம். கதவு மாட்டியாயிற்று, யன்னல் மாட்டியாயிற்று, மாப்பிள்ளைதான் மிச்சம். வந்த பேச்சு மூன்றும் முறிந்து போயின. ஸம்றாவுக்கு இருபத்தொன்பது. எல்லாவற்றையும் விட, முன்னெல்லாம் "உங்கட விருப்பம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள், றிஸ்வானைப் பார்த்த அன்று மட்டும்தான் வாயைத் திறந்து "ஓம்" என்றாள். அந்த ஒரு "ஓம்"முக்காகச் சுல்பிகா நாற்பது என்ன, நானூறும் வைப்பாள். வைக்கத் தெரிந்திருந்தால்.

அன்றைக்கே அபாயாவை மாட்டிக்கொண்டு கல்முனைக்குப் போனாள். கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. வளையல்காரன் ஒலிபெருக்கியில் கத்த, சப்பாத்துக்காரன் அவனை விட உரத்துக் கத்த, நடுவில் ஒரு கூட்டம் ஒரே துணியில் எட்டுப் பேருக்குச் சட்டை எடுக்க அளந்துகொண்டு நின்றது. ஓட்டோத் தரிப்பிடத்தில் பஸாலைப் பிடித்தாள்.

"நாப்பது ஏலாது சாச்சி. ஓடர் மூடியாச்சு."

"யாரு வாப்பா அத வைக்கிற? நானே போய்க் கதைக்கிறன்."

"பேர் சொல்ல மாட்டனெண்டு சத்தியம் பண்ணியிரிக்கன். பாண்டிருப்புப் பக்கம். நம்மட ஆள்தான்."

பெயர் சொல்ல விரும்பாமல், அயலூரில் ஒதுங்கி, பலகாரம் வைத்துப் பிழைக்கிற ஆள் என்றால் புருஷனை இழந்த யாரோ ஒரு பாவப்பட்ட பெண்ணாகத்தான் இருக்கும் என்று சுல்பிகா தீர்மானித்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்கும் பிறகு அந்த முகம் தெரியாத பெண்ணின் மனம் இளக வேண்டுமென்று துஆவும் கேட்டாள்.

அடுத்த நாள் மகளைக் குசினிக்குள் தள்ளினாள். ஸம்றா முட்டையை உடைத்தாள். கித்துள் கருப்பட்டியைச் சீவினாள். நேரம் பார்த்து அவித்தாள். நோன்பு திறந்த பிறகு பளீல் ஒரு துண்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

"பின் மதிலுக்கு நாலு கல் குறையுது எண்டு சொன்னன். மகள் செஞ்சு தந்திட்டா," என்றார்.

அப்போதுதான் சுல்பிகாவுக்கு இரண்டாவது யோசனை வந்தது. போனை எடுத்தாள்.

"மதினி, என்னத்தச் சொல்ல... ஸம்றாட வலக்கையில சுட்டிட்டு. வட்டிலப்பம் ஏலாது போல."

"யா அல்லாஹ்! இப்பயே வாறம்!"

வந்துவிட்டார்கள். முந்திரிகைப் பழம், அப்பிள், சபியா உம்மா, றிஸ்வான். பளீல் அவசரத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றோ சுற்றென்று சுற்றியதில் ஸம்றாவின் கை ஒரு தலையணை அளவுக்கு வந்திருந்தது.

"என்ன சுட்ட?" என்று கேட்டான் றிஸ்வான்.

"எண்ணெய்," என்றாள் சுல்பிகா.

"இடியப்பச் சட்டி," என்றாள் ஸம்றா அதே நேரத்தில்.

சபியா உம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"இடியப்பச் சட்டிய இறக்கப் போய், பக்கத்து அடுப்பில இரிந்த எண்ணெய் கொட்டியிரிக்கும் உம்மா," என்றான் றிஸ்வான். "சின்னக் குசினிகள்ள நடக்கிறதுதான்."

நல்ல பொடியன் என்று சுல்பிகா மனசுக்குள் சொன்னாள். குசினி சின்னது என்றதை மட்டும் மன்னிக்கவில்லை.

"கைதானே சுட்ட, வாய் நல்லாத்தானே இரிக்கி?" என்றார் சபியா உம்மா. "இருபத்தொன்பதாம் நோன்புக்கு நான் வாறன். நீங்க கதிரையில இரிந்து சொல்லுங்க மருமகள். நான் என்ட கையால செஞ்சு பழகிறன். இந்த வயசில எனக்குப் படிப்பிக்க ஒரு டீச்சர் கிடைச்சிட்டா!"

கை போனால் வாய் வரும் என்று சுல்பிகா நினைக்கவே இல்லை.

அவர்கள் போன கையோடு பஸாலைக் கூப்பிட்டாள். "வாப்பா, நாப்பது தராட்டியும் பரவாயில்ல. செய்முறையையாவது எழுதி வாங்கித் தா. ஒரு புள்ளட வாழ்க்க."

மறுநாள் அஸர் தொழுகை நேரம் பஸால் ஒரு தாளோடு வந்தான். "உங்கட துஆ கபூலாகிட்டு சாச்சி. எழுதியும் தந்தாங்க. நாப்பதும் தாறாங்களாம், முப்பதாம் நோன்பு பின்னேரம்."

சுல்பிகா அழுதே விட்டாள். அழுத கையோடு சபியா உம்மாவுக்குப் போன் எடுத்து, மகள் சொல்லச் சொல்லத் தானே நாற்பதையும் வைத்து அனுப்புவதாகச் சொன்னாள். ஸம்றா தாளை வாங்கினாள். நாற்பதுக்கு இருநூறு முட்டை, பத்துக் கிலோ கருப்பட்டி, எழுபது ஏலக்காய். சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்தாள்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று சபியா உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்குள் நின்றார். றிஸ்வான் வெளியே ஹோலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் இதுக்குள்ள வரமாட்டான்," என்றார் சபியா உம்மா பெருமையாக. "கட்டார்ல ஒபிஸ்ல இரிந்தவன். இப்ப ஏதோ கம்பியூட்டர்ல வியாபாரமாம். விடிய வெளிக்கிட்டா பின்னேரம்தான். வெந்நி வைக்கச் சொன்னாலும் அடிப்பிடிக்க வெச்சிருவான். சரி, சொல்லுங்க மருமகள். ரெண்டு மட்டும் செஞ்சு பாப்பம்."

ரெண்டா! ஸம்றா மனதில் இருந்ததோ நாற்பதுக்கான கணக்கு. கண்ணை மூடி இருபதால் பிரித்தாள். "முட்டை பத்து. கருப்பட்டி அரைக் கிலோ. ஏலக்காய்... மூண்டரை."

"ஏலக்காயில மூண்டரையா?"

"நாலு போட்டாக் கைக்கும் மாமி."

சபியா உம்மா அசந்து போனார். அரை ஏலக்காயைக் கத்தியால் வெட்டிப் போட்டார். எல்லாம் கலந்து முடிய ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி கொதிச்ச பொறகா சட்டிக்குள்ள வைக்கிற, முந்தியா?"

அது தாளில் இல்லை. ஸம்றா உம்மாவைப் பார்த்தாள். உம்மா கூரையைப் பார்த்தாள்.

"உம்மா!" என்று ஹோலிலிருந்து குரல் வந்தது. "கொதிச்ச பொறகெண்டு அவங்க முந்தியே சொன்னாங்களே. உங்கட காதுதான்..."

சொல்லவே இல்லை. பொடியன் மகள் மேல் வைத்த பிரியத்தில் உம்மாவின் காதையே செவிடாக்கிவிட்டான் என்று சுல்பிகா உருகினாள்.

வட்டிலப்பம் இரண்டும் நடுங்கிக்கொண்டு அழகாக வந்தன. சபியா உம்மா இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். வாசலில் நின்று, "அப்ப நாப்பது!" என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

மஃரிபு தொழுது முடியவில்லை, பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பிறை கண்டாயிற்று. நாளை பெருநாள்.

ஒழுங்கையில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வெடிச் சத்தம். தக்பீர். சுல்பிகா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பதாம் நோன்பே இல்லை என்றால் முப்பதாம் நோன்பு வட்டிலப்பம் எங்கிருந்து வரும்? பஸாலின் போன் வேலை செய்யவில்லை.

"பிறை ஒரு நாள் பிந்தினா என்ன கொறஞ்சா போகும்?" என்று புலம்பினாள்.

"அஸ்தஃபிருல்லாஹ் சொல்லு," என்றார் பளீல்.

ஸம்றா எழும்பினாள். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டாள்.

"போதும் உம்மா. இனிக் கூரையப் பாக்க ஏலாது. அவருக்கு உண்மையச் சொல்லப் போறன்."

"புள்ள, இதுவும் முறிஞ்சிரும்!"

"வட்டிலப்பத்தில முறியிறதெண்டா முறியட்டும். நான் ஓமெண்டது பொய்யில்ல. மிச்சமும் பொய்யில்லாம இரிக்கட்டும்."

போனை எடுத்தாள். எழுதி அனுப்பினாள்: நான் வட்டிலப்பம் வைக்கவில்லை, எனக்குச் சமைக்கத் தெரியாது, கையும் சுடவில்லை, நாளைக்கு நாற்பதும் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் இரண்டு நோன்பு மாதிரிப் போனது. பதில் வந்தது. ஸம்றா வாசித்தாள்.

"தெரியும். முதல் நாளே தெரியும். அதனால ஒண்டும் மாறல்ல. பெருநாள் வாழ்த்துகள்."

"எப்பிடித் தெரியும்?" என்றார் பளீல்.

"என்ட மூஞ்சியில எழுதியிரிந்திருக்கும்," என்றாள் சுல்பிகா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஸம்றா அந்தப் பதிலை மட்டும் இன்னும் ஐந்தாறு தரம் வாசித்தாள்.

விடிய சுபஹு தொழுத கையோடு கேற்றடியில் ஓட்டோச் சத்தம். பஸால் நாற்பது வட்டிலப்பத்தோடு நின்றான்.

"ஆள் கண்ணோட கண் மூடல்ல சாச்சி. இருநூறு முட்டையும் ஒரே ஆள் உடைச்ச."

சுல்பிகா அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக அங்கேயே நின்று கை ஏந்தினாள். பாண்டிருப்பிலிருந்து வந்த நாற்பதும், திரும்பவும் பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குப் போயின. குடும்பம் முழுக்கச் சாப்பிட்டுச் சட்டியையும் வழித்தது. பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் ஸலாம் சொல்ல வந்தபோது, புதுச் சட்டையும் சிவந்த கண்ணுமாக றிஸ்வான் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுந்தான்.

"ராவு பிறை கண்டதில இரிந்து ஆளக் காணல்ல. கூட்டாளிமாரோட பெருநாள் சுத்தல். விடியத்தான் வந்த," என்று அலுத்துக்கொண்டார் சபியா உம்மா. கலியாண யோசனையில் நித்திரை கெட்டிருக்கும் என்று சுல்பிகா நினைத்துக்கொண்டாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை நிகாஹ். ஒழுங்கையில் ஒருவர் மிச்சமில்லாமல் போய்ச் சாப்பிட்டோம். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் ஒரே குறை. மூன்றாம் நாள் முறைப்படி றிஸ்வான் மருதமுனையை விட்டு, ஸம்றாவின் வீட்டோடு குடிவந்தான். சபியா உம்மா மகனை விட வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹோலில் இருந்தார். சுல்பிகா பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னாள்.

"கவலப்படாதீங்க மதினி. உங்கட மகன நாங்க குசினிப் பக்கமே போக விடமாட்டம்."

அந்த நேரம் பார்த்துப் பஸாலின் ஓட்டோ உள்ளே வந்தது. பின் இருக்கை முழுக்கப் பெரிய அலுமினியச் சட்டிகள், அடுக்கடுக்காகத் தட்டுகள், ஒரு காஸ் அடுப்பு.

"இதென்ன வாப்பா? வீடு மாறி வந்திட்டியா?" என்று சுல்பிகா எழும்பினாள். றிஸ்வான் மெல்ல அறைக்குள் நழுவினான். ஸம்றா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸால் பெரிய சட்டியைத் தூக்கி இறக்கினான். "மாறல்ல சாச்சி, மாப்பிள்ளைட தொழில் சாமான். உங்கட நாப்பதையும் அவர் அவிச்சது இந்தச் சட்டியிலதான். இனி நான் பாண்டிருப்புக்கு ஓடத் தேவையில்ல, ஓடர் எடுக்க நேரா உங்கட குசினிக்கே வாறன்."