ஞாயிறு வராதோருக்குத் திங்கட்கிழமைக் கடிதம்

கீழ்ப்பிரிவு,
நமுனுகுல.
12.05.2025, திங்கட்கிழமை

அன்பும் கணினி அறிவும் நிறைந்த மருமகன் சுபாஸ் அவர்களுக்கு மாமா இராசையா எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் சுகம் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டு, 'நாங்கள்' என்பதை வெட்டி 'நான்' என்று திருத்தியிருக்கிறேன். வெட்டல் தெரிந்தால் மன்னிக்கவும். கொழும்பில் நீங்களும் மகள் நிவேதிகாவும் பேத்தியும் சுகமாயிருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். இதை ஏன் தாளில் எழுதித் தபாலில் போடவேண்டும், மின்னஞ்சலில் அனுப்பக்கூடாதா என்று கேட்பீர்கள். அனுப்பலாம்தான். ஆனால் இந்த வீட்டிலிருந்து எந்த மின்னஞ்சல் போனாலும் கடைசியில் உங்கள் அத்தையின் பெட்டிக்குள்தான் விழும் என்று எனக்கு ஒரு பயம் பிடித்துவிட்டது.

நம் சபைக்கு நீங்கள் செய்து தந்த ஏற்பாட்டைப் பற்றியதே இக்கடிதம். ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்களுக்குத் திங்கள் காலை ஆறு மணிக்கு, 'உங்களைக் காணவில்லை, ஏதேனும் சுகவீனமா?' என்று தானாகவே மின்னஞ்சல் போகும் ஏற்பாடு. செயலாளராகிய நான் வந்தவர் பெயருக்கு நேரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். நானோ முப்பத்தாறு வருடம் தேயிலைத் தோட்டத்துச் செக்ரோல் என்னும் வரவேடு எழுதியவன். வேலைக்கு வந்தவருக்கு முழுநாள் சம்பளமாக முழுப்பேர், பறித்த கொழுந்து குறைந்தவருக்கு அரைநாளாக அரைப்பேர் என்று போட்டே பழகிய கை சும்மா இருக்குமா? சபையிலும் முதல் பாட்டு முடிந்து வந்தவர்களுக்கு அரைப்பேர் போட்டு, அவர்களுக்கென்று தனிக் கடிதமும் எழுதிவைத்தேன். அந்தக் கடிதம் முதலில் போனது ஞாயிறு பள்ளி டீச்சர் வதனிக்கு. எங்கள் வீட்டைத் தவிர, சபையில் சொந்த மின்னஞ்சல் வைத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான். அன்று சாயங்காலமே வாசலில் வந்து நின்றுவிட்டாள். "என்னாங்க ஐயா, ஆண்டவர்கிட்ட வர்றதுக்கும் அரைப்பேரா? அடுத்த வாரம் தராசு வச்சு நிறுத்துப் பாப்பீங்களோ?" என்றாள். உங்கள் அத்தை அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மற்ற நாற்பத்தாறு குடும்பங்களுக்கும் மின்னஞ்சல் கிடையாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் கணினியோ அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பேத்தியின் படம் பார்க்க நிவேதிகா தன் அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்திருந்தாள் அல்லவா, அதையே எல்லாக் கட்டத்திலும் போட்டேன். என்னுடையதற்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்ததால் என் பெயருக்கு நேரேயும் அதையே போட்டேன். 'இப்போதைக்கு இருக்கட்டும் மாமா, பிறகு மாத்தலாம்' என்றீர்கள். பிறகு என்பது வரவேயில்லை. திரையில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'சேர்ந்தது' என்று பச்சையில் காட்டியது. ஏட்டில் இருப்பதே உண்மை என்று வாழ்ந்தவன் நான், சேர்ந்தது என்றே நம்பிவிட்டேன்.

முதல் திங்கட்கிழமை உங்கள் அத்தை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி பத்தொன்பது தரம் மணியடித்தது. பேத்திக்கு என்னவோ ஏதோ என்று மாவுக் கையோடு ஓடிவந்தாள். எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரொட்டியை மூடிவைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெலிமடை மரக்கறி லொறி வந்திருக்கும், லீக்ஸ் வாங்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு திங்கள்தோறும் குடையோடு போனாள், பகல் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தாள். ஒரு நாளாவது கையில் லீக்ஸ் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, மாப்பிள்ளை.

சபை நிரம்பியது. போதகர் பிரசங்க மேடையிலிருந்தே என் பெயரைச் சொன்னார். பதுளையில் நடந்த சபைச் செயலாளர்கள் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினேன். 'ஆத்துமாக்களைத் தேடிப்போகும் மின்னஞ்சல்' என்று தலைப்பு. அவள் கடைசி வாங்கில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "நல்லாத்தான் பேசுனீங்க, ஆனா தண்ணி குடிக்காம பேசுனீங்க" என்றாள். அவ்வளவுதான் விமர்சனம். ஜனவரி முதலாம் தேதி இன்னொரு கூத்து. பிறந்தநாள் வாழ்த்தையும் அந்த ஏற்பாடே அனுப்பும். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் நான் ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு வாழ்த்து ஒரே காலையில் வந்து விழுந்தது. "ஒரு தோட்டமே ஒரே நாள்ல பொறந்திருக்குங்க, மருத்துவச்சி பாவம்" என்று சிரித்தாள். பதுளையில் அலவி கடையில் சொல்லி மூன்று கேக் எடுப்பித்து, புதுவருட ஆராதனை முடிந்ததும் நூற்றுப் பன்னிரண்டு துண்டாக வெட்டினாள். இதெல்லாம் வீண் என்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். அதுதான் அவளுடைய கடைசிப் புதுவருடம் என்று எனக்குத் தெரியுமா?

பெப்ரவரி பதினோராம் தேதி நடந்தது உங்களுக்குத் தெரியும், பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவரே நீங்கள்தான். அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியாது. அடுத்த வாரம் இருபது பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் முப்பது பேர். துக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கடிதத்தின் வாசகத்தைக் கொஞ்சம் கடுமையாக்கினேன். வாரம் இரண்டு தரம் போகும்படி செய்தேன். ஆட்கள் இன்னும் குறைந்தார்கள். உங்களுக்கும் வேலை நேரத்தில் மூன்று தரம் தொலைபேசி எடுத்துத் தொந்தரவு செய்தேன். 'எல்லாம் ஒழுங்காகச் சேருது மாமா' என்று பொறுமையாகச் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். இதற்கிடையில் ஒவ்வொரு திங்களும் 'வராதோர்' பட்டியலில் அவள் பெயரும் வரும். 'சகோதரி லீலாதேவி அவர்களே, உங்களைக் காணவில்லை.' அதை அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று காட்டித் தந்தீர்கள். விரல் அதன்மேல் போகிறது, அழுத்த வரவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் நாலாம் லயத்துக் கருப்பம்மாவைக் கண்டேன். ஞானஸ்நானப் பெயர் மார்த்தா, அது சபைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்த பெயர். நான் செயலாளர் தோரணையில், "எட்டுக் கடிதம் போட்டாச்சு, ஏன் கோயில் பக்கம் வரல்ல?" என்று கேட்டேன்.

"கடிதமா? அம்மா போனதுக்கப்புறம் எங்கள தேடி ஒருத்தரும் வரல்லீங்களே ஐயா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சொன்னாள். "திங்கக்கெழம அம்மா, நாங்க கொழுந்தெடுக்க மலைக்குப் போற எடத்துக்கே குடையோட வந்துருவாங்க. இல்லாட்டி நோக்காட்டுல படுத்திருக்கிற வீட்டுக்கு வருவாங்க. போன எடுத்துக் கண்ணுக்கிட்ட புடிச்சு, 'கருப்பம்மா, ஒன்னக் காணலேன்னு ஐயா எழுதியிருக்காரு'ன்னு சொல்லுவாங்க. முழுசா வாசிக்க மாட்டாங்க. அப்புறம் அரிசி களஞ்சு ஒலையில போட்டுட்டு, புள்ளைக்குத் தல சீவி விட்டுட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாங்க. ஐயா மனசு இப்புடி எளகுன மனசுன்னு எங்களுக்கெல்லாம் அப்பத்தாங்க தெரியும்."

மாப்பிள்ளை, நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். ஊரில் யார் வந்தார், யார் வரவில்லை, யார் பிந்தி வந்தார் என்று கணக்கு வைத்த மனுசன், பெண்டாட்டி திங்கட்கிழமை எங்கே போகிறாள் என்று ஒருநாள் கேட்கவில்லை. அவள் கால் நோகிறது என்று தைலம் தேய்த்தபோதும், 'வயசாகுது' என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன். அவள் நடந்து நடந்து சேர்த்த கூட்டத்துக்கு நான் பதுளையில் போய்க் கைதட்டு வாங்கினேன். வெட்கமாயிருக்கிறது. அழுகையாகவும் இருக்கிறது. அன்றைக்கே வரவு போடும் வேலையை வதனியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டேன். நேற்றோடு ஐந்து ஞாயிறு. ஈஸ்டருக்கும் போகவில்லை.

ஆகவே தயவுசெய்து இரண்டு உதவி செய்யவும். அந்த ஏற்பாட்டை அடியோடு நிறுத்திவிடுங்கள், மனுசர் நடக்காமல் அது நடக்காது. நான் அழுத்தாத பொத்தானையும் நீங்களே அழுத்தி, உங்கள் அத்தையின் பெயரை எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரியாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மகளிடம் நான் அழுதேன் என்று சொல்லவேண்டாம், சளித்தடிமன் என்று சொல்லவும். பேத்திக்கு என் முத்தம். உங்கள் மூவரையும் கர்த்தர் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
செ. இராசையா
(செயலாளர் என்று எழுதியதை வெட்டியிருக்கிறேன்)

பின்குறிப்பு, 19.05.2025: மேலே உள்ளது ஒன்றையும் செய்யவேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுமுன், அத்தையின் மின்னஞ்சலை மூட உங்களுக்கு உதவும் என்று அவளுடைய கைபேசியை அலுமாரியிலிருந்து எடுத்து மின்சாரம் ஏற்றினேன். அடக்கத்தன்று அணைத்து வைத்தது. உயிர் வந்ததும் விடாமல் மணியடித்தது, ஐந்நூற்றுக்கும் மேல். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது எனக்கு வந்தது. 'சகோதரர் இராசையா அவர்களே, கடந்த ஐந்து ஞாயிறுகளாக உங்களைக் காணவில்லை. ஏதேனும் சுகவீனமா? இப்படிக்கு, செயலாளர் இராசையா.' நானே எழுதிய கடிதம், அவளுக்குப் போயிருக்கிறது, கொண்டுவந்து தர அவள்தான் இல்லை. பிறகு அவளுடைய குடையை எடுத்துக்கொண்டு நாலாம் லயத்துக்குப் போனேன். எனக்கும் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கருப்பம்மாவுக்கு வந்த கடிதத்தைக் கைபேசியில் வாசிக்கத் தொடங்கினேன். "அது கெடக்கட்டுங்க ஐயா, மொதல்ல ஒங்களுக்கு வந்தத வாசிங்க" என்றாள். வாசித்தேன். அவள் பிளேன்டீ ஊற்றித் தந்தாள். அரிசி களைய எனக்குத் தெரியாது, அதனால் விறகு எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

நேற்று ஆராதனைக்குப் பதினேழு பேர் கூடுதலாக வந்தார்கள். வரவை வதனியிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு முதல் பாட்டு முடிந்தபிறகே உள்ளே போனதால் எனக்கு அரைப்பேர். லீலாதேவிக்கு முழுப்பேர் போட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் போடுவேன். காணவில்லை என்று அவளுக்கு இனிமேல் கடிதம் வராது. அந்தப் பொத்தானை நீங்களும் தொடாதீர்கள்.