முந்தினவருக்கே ஞாயிறு

அநியாயம் நடந்தது ஜிபெக்குக்கு. செய்தவன் அவள் புருஷன் எசென். ஆயுதம், அவனே எழுதிய ஒரு ப்ரோகிராம். பெண்டாட்டியை ஏய்க்க பிஷ்கெக் நகரத்தில் ஆயிரம் பழைய வழி இருந்தும், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனுக்குப் புது வழி தேவைப்பட்டது!

வீட்டில் கார் ஒன்று, ஞாயிறும் ஒன்று. புருஷன் இல்லாமல் அவள் தனியே விருந்துக்குப் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. அவன் மட்டும் தனியே எங்கே சுற்றினாலும் ஊர் வாய்க்குப் பூட்டு. இது எந்த நியாயம்?

"இனிமே சண்டையே வேண்டாம்," என்று எசென் அறிவித்தான். "வேலையையும் மணியையும் ரெண்டு பேரும் இதுல போடுவோம். அதுவே வரிசைப்படுத்தும். ரெண்டு வேலை மோதினா, வரிசையில முன்னால இருக்கறது நிக்கும். மத்தது அடிபடும்."

"ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

"கூடாது. மெஷினுக்கு ஓரவஞ்சனை தெரியாது."

மெஷினுக்குத் தெரியாது, எழுதினவனுக்குத் தெரியுமே! அவள் அத்தை வீட்டு விருந்தை 17:00 என்று போட்டால், இவன் சீட்டாட்டத்தை 16:30 என்று போடுவான். தோழியின் பிறந்தநாள் 15:00 என்றால், 14:45க்கு இவன் கார் டயரில் திடீரென்று காற்று குறையும். மூன்றே மாதத்தில் ஏழு விருந்து அடிபட்டது. ஏழு தட்டு பெஷ்பர்மாக், கறி போட்ட நூடுல்ஸ்! பஸ் நிலையத்தில் கம்ப்யூட்டரில் வண்டி நேரப் பலகை எழுதுகிற ஜிபெக் ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் டோக்மோக் ஊரில் அவள் தங்கை குழந்தை நடக்க ஆரம்பித்தது. துஷோ விழா வைத்தார்கள். குழந்தையின் கால்களை நூலால் கட்டி நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடிவருவார்கள். முதலில் வந்தவர் நூலை அறுத்துவிட்டால், குழந்தை ஆயுசுக்கும் தடுக்காமல் நடக்குமாம். பெரியம்மா ஓடாமல் அது என்ன துஷோ? ஞாயிறு 10:00 என்று போட்டாள் ஜிபெக்.

எசென் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டான். அதே ஞாயிறு காலையில், குதிரைக்காரர்கள் ஆட்டுடலுக்கு அடித்துக்கொள்ளும் கோக்-போரு இறுதி ஆட்டம். முன்வரிசை டிக்கெட்டை அன்றுதான் நண்பன் குபாத் சும்மா கொடுத்திருந்தான்.

"எனக்கு ஒம்போது, உனக்குப் பத்து. மோதுதே! நான் என்னம்மா பண்ணட்டும்?"

"தீர்ப்பு சொல்றது நீங்களா, மெஷினா?"

"மெஷின்தான். அப்பீலே கிடையாது."

"ரொட்டி மேல கை வெச்சுச் சொல்லுங்க."

ரொட்டி மேல் செய்த சத்தியத்தை மீற எந்தக் கிர்கிஸ் ஆணுக்கும் துணிச்சல் கிடையாது. எசென் கம்பீரமாகக் கை வைத்தான். 9:00 என்று தட்டினான். பொத்தானை அமுக்கினான்.

துஷோ நின்றது. கோக்-போரு அடிபட்டது.

"தப்பு! தப்பு!" என்று குதித்தான். "இது மணியை மணியா பாக்கல, எழுத்தா பாத்திருக்கு. பத்துக்கு முதல் எழுத்து ஒண்ணாம், ஒம்போதை விடச் சின்னதாம், அதனால பத்தை முன்னால வெச்சிருக்கு! ஒம்போதுக்கு முன்னால ஒரு சைபர் போட்டா சரியாயிடும்!"

இவ்வளவு நாள் இது எப்படிக் கண்ணில் படவில்லை? ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு முன் எழுந்திருந்தால்தானே படும்!

"ரொட்டி," என்றாள் ஜிபெக்.

"சரி, விழாவுக்குப் பத்துன்னா எவன் பத்துக்கு வரான்? பன்னெண்டாகும். பாதி ஆட்டம் பாத்துட்டு ஓடி வந்துடறேனே?"

"ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா? கூடாதுன்னீங்களே!"

டோக்மோக்கில் எல்லோரையும் முந்தி ஓடி, நூலை அறுத்து, குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள் ஜிபெக். எசென் போர்சோக் பலகாரத் தட்டும் கையுமாக அவளுடைய செருப்பைக் காவல் காத்தான். மூச்சு வாங்க வந்தவளிடம் மெல்லக் கேட்டான்:

"அந்த சைபர் சமாச்சாரம் உனக்கு முன்னமே தெரியுமா?"

"தினம் காலை வண்டிக்கெல்லாம் முன்னால சைபர் போட்டு எழுதறவ நான். சைபரை விட்டா ஒம்போது மணி வண்டி பத்துக்குப் பின்னால போய் நிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு உங்களுக்கு என்ன ஜோலி இருக்கப்போகுது? அதான் குபாத் கிட்ட அந்த டிக்கெட்டைக் குடுத்தனுப்பினேன்."