கன்ட்ரோல் பட்டனுக்கு வைத்த பொட்டு

என் மருமகளின் வேலைக்கு நான்தான் உலை வைத்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரைச் சொல்ல விட்டால் சின்னக் கிண்ணம் சந்தனத்தை ஒரு குடமாக்கிவிடுவார். (அந்த மனுஷன் வாயிலிருந்து எதுவும் குறைந்து வராது.) ஆனால் தப்பு முழுக்க என்னுடையது என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்ன இரண்டு சொந்தக்காரர்களோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. அவளுடைய கம்ப்யூட்டர்ப் பெட்டியைச் செய்தவனுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கண்மாய்த் தண்ணீரில் நெல், மேட்டில் மிளகாய். மகன் பாண்டி கதிர் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறான். மருமகள் சுகந்தி திருவாடானைப் பெண். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறாள். சென்னை ஆபீஸில் இருந்தவள், கல்யாணம் ஆனதும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கேட்டு வாங்கி வந்தாள். அதிலும் ஒரு கொக்கி. தான் எழுதியதை வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். அவர்கள் தலையை ஆட்டினால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னை. கல்யாணமாகி எட்டு மாதம். மகன் இங்கே, இவள் அங்கே என்றால் அது என்ன குடித்தனம்? எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. வெளியே காட்டவில்லை. எதையும் காட்டிக்கொள்கிற ஆள் நான் இல்லை.

அவள் கூடத்தில் உட்கார்ந்து தட்டுவாள். நான் எதிரே மிளகாய்வற்றலுக்குக் காம்பு கிள்ளுவேன். ஒருநாள் கேட்டேன்:

"ஏத்தா, கையை எடுக்காமத் தட்டுறியே, அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"பெரிய ஊரு மாதிரி அத்தை. ஆயிரக்கணக்குல வரி, அதுவும் நூறு ஃபைல்ல சிதறிக் கிடக்கும். ஒண்ணொண்ணாத் தேடுனா பொழுது போயிரும். இப்பப் பாருங்க, இந்தப் பேரு மேல நின்னுக்கிட்டு எஃப் பன்னெண்ட அமுக்குனா, அந்தப் பேரை முதல்ல எங்கன எழுதி வச்சிருக்கோ அங்கன கொண்டுபோய் விட்டுரும்."

"போனா? திரும்பி வர வேணாமா?"

"ஆல்ட்டோட சேத்து இந்த இடது அம்பு. கிளம்புன எடத்துக்கே வந்துரலாம்."

உப்பூருக்குப் பஸ் ஏறினால் போய்ச் சேருவது நிச்சயம், திரும்பி வருவது பஸ்காரன் மனசு. இந்தப் பெட்டிக்குள் அந்தக் கவலையே இல்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"மூலையில கிடக்கே, அது என்ன?"

"கன்ட்ரோல் அத்தை. அது தனியா ஒண்ணும் செய்யாது. அதை அமுக்கிக்கிட்டு 'ஜி' தட்டுனா, வேணுங்கிற வரிக்குப் போகலாம். 'பி' தட்டுனா ஃபைலைத் தேடித் தரும். 'டபிள்யூ' தட்டுனா ஃபைலை மூடிரும். அதை அமுக்கிக்கிட்டு ஒரு பேரைத் தொட்டாலும் அது இருக்கிற எடத்துக்குத் தாவிரும்."

அன்றிலிருந்து கவனித்தேன். அவளுடைய இடது சுண்டுவிரல் அந்த மூலைக்கே போய்ப் போய் வந்தது. எழுத்துப் பட்டன்களாவது மாற்றி மாற்றி ஓய்வெடுக்கின்றன. மூலையில் கிடக்கிற அதற்கு ஓய்வே இல்லை. (நம்மைப் போல ஒரு ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.) ரேஷன் கடை வரிசையில் நின்று, "எம் மருமக உக்காந்த எடத்துலேருந்தே எந்த ஊருக்கும் போயிட்டு வந்துருவா" என்று பெருமை பேசினேன். மூணாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு தெரிந்துவிட்டதல்லவா, தலை நிற்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டுவது மறுநாள் காலை, விஜயதசமி அன்று. அவர்களுக்கு ஏது விஜயதசமி? மம்பட்டி, அரிவாள், அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டுச் சுகந்தியிடம் அவளுடைய ஆயுதத்தைக் கேட்டேன். லேப்டாப்பை மூடிக் கையில் கொடுத்தாள்.

"மூடி மேல ஒரு பொட்டு மட்டும் வைங்க அத்தை."

அவள் சொன்னது இதுதான். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் மம்பட்டிக்குப் பொட்டு எங்கே வைக்கிறோம்? மண்ணை வெட்டுகிற இலையில். அரிவாளுக்கு அலகில். பாண்டியின் அறுப்பு மிஷினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பல்லில். உழைக்கிற இடத்தை விட்டுவிட்டு முதுகில் பொட்டு வைத்தால் அது சாமி கும்பிட்டதாகுமா? மூடியைத் திறந்தேன்.

எல்லாப் பட்டனுக்கும் ஒரே மாதிரி வைக்கிற அளவுக்கு நான் விவரம் கெட்டவளும் இல்லை. எழுத்துகளுக்குக் கடுகளவு. எஃப் பன்னிரண்டுக்கும் இடது அம்புக்கும் கொஞ்சம் தாராளம். கன்ட்ரோலுக்கு மட்டும், பாவம் உழைக்கிற பிள்ளை என்று, பெருவிரலால் வழித்து அப்பினேன். பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனம் இளகலாக இருந்தது. ஓரத்தில் இறங்கியதைப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் சுகந்தி திறந்து பார்த்துவிட்டு நின்றாள்.

"அத்தை, உள்ளயும் வச்சிருக்கீகளா?"

"உழைக்கிறதுக்குத்தானத்தா வைக்கணும்?"

அவள் ஈரத்துணியால் துடைத்தாள். மேலே சுத்தமாகிவிட்டது. பத்து மணிக்குக் காதில் மாட்டுகிற ஹெட்போன் கிடைக்காமல் சத்தத்தை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஓர் ஓரம் சென்னை ஆபீஸ் சார், இன்னோர் ஓரம் வெள்ளைக்கார அம்மா ஒருத்தி. நான் கதவுக்குப் பின்னால்.

முதலில் நன்றாகத்தான் போனது. பிறகு அவள் சுண்டுவிரல் கன்ட்ரோலுக்குப் போனது. விரல் எழுந்தது, பட்டன் எழவில்லை. உள்ளே காய்ந்து கிடந்த சந்தனம் அதைப் பிடித்துக்கொண்டது.

"சுகந்தி, ஃபைலை ஏன் க்ளோஸ் பண்றீங்க?" என்றார் சார்.

"நான் பண்ணல சார். எழுத்து அடிச்சா அதுவா மூடிக்கிருது."

"திரும்பத் திறங்க. அந்தப் பேரைக் காட்டுங்க."

அவள் பேரைத் தொட்டாள். திரை வேறெங்கோ தாவியது. அங்கே இன்னொன்றைத் தொட்டாள், அங்கிருந்தும் தாவியது. மிளகாய்க் கொல்லையில் புகுந்த ஆட்டைப்போல இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய். இடது அம்பை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், வந்த வழியைக் காணோம். அந்த அம்மா இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். சுகந்தியின் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போனேன்.

"அத்தை, கேமராவுல தெரியிறீக. கன்ட்ரோல் இறுகிருச்சு, நான் பாத்துக்கிறேன், போங்க."

இறுகினால் என்ன செய்வது? பாண்டி மிஷினில் லீவர் இறுகினால் எண்ணெய் விடுவான். அலமாரியில் இருந்த தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். இரண்டு சொட்டுத்தான் விட நினைத்தேன். மூடி கழன்றுவிட்டது.

ஊறின சந்தனம் பக்கத்துப் பட்டன்களுக்கு அடியில் இறங்கியது. அதுவரை இறுகியது ஒன்று, இப்போது நாலைந்து. திரையில் எது எதுவோ திறந்தது, மூடியது. சுகந்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள்.

"ஸ்டாப், ஸ்டாப். என்ன நடக்குது அங்க? யார் அவங்க?" என்றார் சார்.

வந்ததே எனக்குக் கோபம். "நான் அவ மாமியா. நல்ல நாளும் அதுவுமா, ஆயுதம் கும்பிட்ட மறுநாளே பிள்ளைய உக்கார வச்சு வேலை வாங்குறீகளே, உங்க வீட்டுல சாமி கும்பிடுறதில்லையா? லச்ச லச்சமாப் போட்டு மிஷினு செய்யிறாக, ஒரு சொட்டுச் சந்தனம் தாங்கல. எம் மகன் மிஷினுக்கு ஒரு சட்டி பூசினோம், காலையில ஜோராக் கிளம்பிப் போயிருச்சு. மிஷினைத் திட்டுங்க, பிள்ளைய என்ன கேள்வி கேக்குறது?"

வெள்ளைக்கார அம்மா சாரைப் பார்த்தாள். சார் அவளுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். நான் பேசியது ஒரு நிமிஷத்துக்கு மேல். அவர் சொன்னது நாலு வார்த்தை. என்ன குறைத்தாரோ தெரியாது.

வாசலிலிருந்து என் வீட்டுக்காரர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் பொட்டு வைத்தபோது தூங்கிக்கொண்டிருந்தார்.

சுகந்தி என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. துப்பட்டாவால் எண்ணெயைத் துடைத்தாள். உடனே கிளம்பி வந்து ஆபீஸ் மிஷினில் செய்து காட்டச் சொல்லிவிட்டார்கள். மத்தியானப் பஸ்ஸில் இராமநாதபுரம் போய் ரயில் ஏறினாள். அங்கே செய்து காட்டினாள், அந்த அம்மாவும் சரி என்றாள். ஆனால் புது லேப்டாப் வருகிறவரை இங்கேயே இரு என்று ஆபீஸில் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மாதம்.

அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். "ஏலே, சாப்பிட வாடா" என்றால் பாண்டி, "பசிக்கல" என்பான். எனக்கென்ன, பட்டினி கிட என்று விட்டேன். (தட்டை மூடித்தான் வைத்தேன்.) தினமும் சுகந்திக்குப் போன் போட்டுச் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன். நாலாம் நாள் வாயில் வந்துவிட்டது.

"எம் மேலதான் தப்பு."

"என்ன அத்தை? சரியாக் கேக்கல, சத்தமாச் சொல்லுங்க."

"கேட்டிருச்சு உனக்கு. வை போனை."

மறுமுனையில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

மாதம் முடிந்து வந்தாள், இனி இங்கேயேதான் வேலை என்ற உத்தரவோடு. கூடவே இன்னொரு காகிதம். ஆபீஸ் பொருள்களில் சந்தனம், குங்குமம், விபூதி, எண்ணெய் எதையும் பூசக்கூடாது என்று அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். விபூதியை நான் தொடவே இல்லை. அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சுகந்தி லேப்டாப்பைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். லேப்டாப்போடு வந்த மவுஸை என் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு எத்தனை பொட்டு வேணும்னாலும் வைங்க அத்தை."

"இது என்ன வேலை பாக்குது?"

"ஒண்ணும் பாக்கல. எனக்குப் பட்டனே போதும்."

நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டினார். "வேலை பாக்காததுக்கும் பொட்டு உண்டா? அப்ப எனக்கும் வை, ராக்கு."

ஒரு வருஷத்துக் கோபம் கையில் இருந்தது, கிண்ணத்தில் சந்தனமும் இருந்தது. நெற்றியில் தொடங்கித் தாடைவரை அப்பினேன். பாண்டி சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தான். அந்தப் படத்தைத்தான் சுகந்தி லேப்டாப் திரையில் வைத்திருக்கிறாள். மீட்டிங்கில் திரையைக் காட்டும்போதெல்லாம் சார் கேட்பார்: "ஐயா நல்லா ஓடுறாரா, இறுகிட்டாரா?"

என் வீட்டுக்காரர் நாற்காலியைவிட்டு எழாமலே பதில் கொடுப்பார்: "ஓடுறேன் சார். இன்னும் எண்ணெய் விடல."