மாவுக்கட்டும் கழனி மோட்டாரும்

பிளாஸ்டிக் பைப் ஒட்டும் பசையின் வாசனை எங்கே வந்தாலும் என் கால்கள் தாமாகவே ஓரடி பின்வாங்கும். நேற்று ஹார்டுவேர் கடையில் யாரோ அந்தச் சின்ன டப்பாவைத் திறந்தார்கள். மூக்கில் ஏறிய மறுநொடி, முகத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கப்போகிறது என்று உடம்பு முடிவு கட்டிவிட்டது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தண்ணீருக்கே கட்டுப் போட்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை நாங்கள் மாவுக்கட்டு என்று அழைத்தோம், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள். தன் கழனி கம்பெனிகளுக்குப் போன பிறகு, ஒரகடம் பக்கத்துக் கிராமமொன்றில் வரிசையாக நான்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கடைசி வீடு எனக்கு. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் என்னை மெயின் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும். இயந்திரத்தின் இரைச்சல் தோலில் ஈரமாக ஒட்டியிருக்கும். ஒரு வாளி தண்ணீர், அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள ஒரு மூலை. அந்த நாட்களில் வாழ்க்கையிடம் நான் கேட்டது அவ்வளவுதான். கேட்டது கிடைக்கவும் செய்தது. ஆனால் குழாயிலிருந்து அல்ல. வாசற்படிக்கு மேலிருந்து கிடைத்தது. ஜன்னல் வழியாகக் கிடைத்தது. ஒருமுறை நேராக, கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானைக்குள்ளேயே கிடைத்தது.

பைப் உடைந்ததும் மாவுக்கட்டு வருவார். அவசரமே இருக்காது. லுங்கியை மடித்துக் கட்டி, உடைந்த இடத்தை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

“எப்ப ஒடைஞ்சிது?”

“இப்பத்தான் அண்ணாச்சி.”

“நீ இன்னா பண்ண?”

“குழாயத் திறந்தேன்.”

“ஏன் தொறந்த?”

கையிலிருந்த காலி வாளியைத் தூக்கிக் காட்டினேன்.

முதலில் பசை. அதன்மேல் சைக்கிள் டியூப். அதன்மேல் அவர் மனைவியின் பழைய புடவைக் கிழிசல். எல்லாவற்றுக்கும் மேல் சிமெண்ட் பால். “நாளிக்கி வரிக்கும் கைய வெக்காத சார், கட்டு பிடிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போவார். புடவைகள் தீர்ந்த காலத்தில் கொடியில் காய்ந்த என் யூனிபார்ம் சட்டை காணாமல் போனது. இரண்டாம் வீட்டு பைப்பில் அதைக் கண்டுபிடித்தேன். பொத்தான் வரைக்கும் ஒழுங்காகப் போட்டிருந்தார். எங்கள் வெளிச்சுவர் முழுக்க எலும்பு முறிவு வார்டு மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டுகள். பைப் என்று ஒன்று அதற்குள் இருப்பதை நம்பிக்கையால்தான் அறிய முடியும்.

தொட்டி கட்டலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

“தேங்கின தண்ணிய மாடுகூட மோந்து பாக்காது சார். தண்ணின்னா ஓடணும்.”

ஆகவே கழனிக்குப் பாய்ச்சுவது போலவே வீடுகளுக்கும் முறை வைத்துப் பாய்ச்சினார். காலையில், கழனியிலிருந்து கழற்றி வந்து போர்வெல்லில் மாட்டிய மோட்டாரைப் போட்டு, ஒரு வீட்டு வால்வை மட்டும் திறந்துவிட்டு, “ஓய், ஒம்மொற!” என்று கத்துவார். அந்த வீட்டார் குடம், குண்டான், தவலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குழாயைத் திறக்க ஒரு நிமிடம் தாமதித்தால் பைப் டமார். பாய்ச்சல் முடிந்ததும் கால்களில் சேறு பூசிக்கொண்டு, நன்றாக நனைந்த நாற்றுகள்போல நாங்கள் நிற்போம். பிறகு ஷிப்டுக்குப் போவோம்.

பொறுக்க முடியாமல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பிளம்பரைக் கூட்டிவந்தேன். அவர் கட்டுகளைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். தலையில் கைவைத்தார்.

“யார்யா இத்த வூட்டுக்குப் போட்டது? ஏரியவே எறைச்சிடும் இது! இத்தினியூண்டு பைப்பு இன்னாத்த தாங்கும்? சின்ன மோட்டாரு போட்டு, மேல ஒரு டேங்க் வையி. கட்டே வாணாம்.”

“மோட்டார ஒண்ணும் சொல்லாத. பைப்புக்குத்தான் தெம்பு இல்ல” என்றார் மாவுக்கட்டு.

பிளம்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “சார், நீ வூட்ட மாத்திடு. அது சுளுவு.”

அன்று மாவுக்கட்டின் மனைவிதான் சொன்னார்: “நெலம் போனப்ப மாட்ட வித்தாரு, கலப்பைய குட்த்தாரு. இந்த மோட்டார கேட்டு வந்தவன மட்டும் அடிக்காத கொறையா அனுப்பிட்டாரு. காத்தால இது ஓடற சத்தம் கேட்டாத்தான் அந்தாளுக்கு டீயே எறங்கும்.”

அன்றோடு மோட்டார் பேச்சை விட்டுவிட்டேன். பேசத் தெம்பில்லை என்பதே சரி.

ஆனால் பேச வேண்டி வந்தது. பிரசவத்துக்குக் கோவில்பட்டி போயிருந்த என் மனைவியை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டேன். “தண்ணி ஒழுங்கா வருதா? அத மொதல்ல சொல்லுங்க. பச்சப்புள்ளயக் குளுப்பாட்ட ஒடஞ்ச பைப்பு பின்னாடி ஓட என்னால முடியாது. குழாயில தண்ணி வரட்டும், நானும் வாரேன்” என்று வைத்துவிட்டாள். நான் இன்னும் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. லீவு கேட்டால் சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார்.

மூன்றாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பைப்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மாவுக்கட்டிடம் அதை அப்படியே சொன்னேன்.

“இத்துக்காவ வர மாட்டேன்னுச்சா?”

“ஆமா அண்ணாச்சி.”

“கொயந்த பொண்ணா, பையனா?”

“பொண்ணு. நான் இன்னும் பார்க்கல.”

பாதிக் கட்டோடு எழுந்து போய்விட்டார். மூன்றாம் வீட்டுக்காரர் என்னைத் திட்டினார்.

அந்த வாரக் கடைசியில் ஷிப்ட் முடிந்து வந்தபோது மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தொட்டி உட்கார்ந்திருந்தது. கீழே தேங்காய் அளவுக்கு ஒரு மோட்டார் கீச்சுக்குரலில் முனகிக்கொண்டிருந்தது. பழையது எங்கே என்று தேடினேன். அவர் வீட்டு நடுக்கூடத்தில், சாக்குப் போர்த்திக்கொண்டு, டி.வி.க்கு நேர் எதிரே வீற்றிருந்தது.

“வர்றவங்க ஒக்கார எடம் இல்ல, மோட்டாருக்கு எடம் கீது!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்.

என் மனைவி வந்து இறங்கிய காலையில், நான் மகளை வாங்கிக்கொள்ளும் முன்பே மாவுக்கட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“கொயாவ தொறம்மா. வருதா?”

“வருது அண்ணாச்சி.”

எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தது. “இன்னாம்மா இது, பூனை ஒண்ணுக்குப் போற மாரி வருது!”

அந்த மெலிந்த தாரையில்தான் என் மகள் குளித்தாள். பழைய பைப்புகள் அதன் பிறகும் ஒழுகத்தான் செய்தன. ஆனால் வெடிப்பதை விட்டுவிட்டுச் சொட்டின. சோர்வுற்றவனுக்குச் சொட்டுச் சத்தம்கூடத் தாலாட்டுதான். தவழத் தொடங்கிய மகள் அவர் கூடத்துக்குப் போய், அந்த மோட்டாரைப் பிடித்துக்கொண்டுதான் முதன்முதலாக எழுந்து நின்றாள். நான் ஓவர்டைமில் இருந்தேன். பார்த்தவர் அவர்தான். அதைச் சொல்வதற்காகவே மெயின் ரோடு வரை நடந்து வந்து, கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.

அடுத்த ஆண்டு எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. சாமான் ஏறிய டெம்போவின் முன்சீட்டில், மடியில் மகளோடு உட்கார்ந்தேன். மாவுக்கட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். அவள் காலை ஒருமுறை தொட்டார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறவர்போலத் தொண்டையைச் செருமினார்.

“அந்தூரு தண்ணி எப்டியோ இன்னாவோ. காய்ச்சிக் குடு சார்.”