ட்ரொலி அண்ணையோடு பாலைவனத்தில் நான்கு நாள்

விமானப் பயணத்தைச் சுலபமாக்குவதற்கு உலகத்தில் எத்தனையோ கெட்டிக்காரர் மூளையைக் கசக்கியிருப்பார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்து வைத்ததை ஒரே ஆளாக நின்று குழப்பியவர் வெம்பிளி ட்ரொலி அண்ணை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. பின்னாளில் பாஸ்போட்டில் பார்த்தேன். வேறு ஆருடையதோ போல இருந்தது.

எண்பதுகளில் எங்கட ஆக்கள் லண்டனுக்கு வந்து குவிந்த நாட்களில் முக்கால்வாசிப் பேரிடம் கார் இல்லை. அண்ணையிடம் ஒரு பழைய வான் இருந்தது. காலையில் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட். மத்தியானம் திரும்பினால் ஹீத்ரோ எயர்போட். ஆரையாவது ஏற்றுவார், ஆரையாவது இறக்குவார். அதற்குக் கைமாறாக அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவர் சொல்கிறபடி நடக்கவேண்டும். அதைவிட நடந்தே ஹீத்ரோவுக்குப் போகலாம்.

வானை நிறுத்தியதும் ஓடிப்போய் ட்ரொலி பிடிப்பார். ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றையும் ஒரு வட்டம் உருட்டிப் பார்ப்பார். "ஒண்டின்ரை சில்லு இழுத்தா மற்றது இருக்கும். அதுவும் இழுத்தா மூண்டாவது" என்பார். பின்னால் வருகிற வெள்ளைக்காரர் ட்ரொலி இல்லாமல் முழுசிக்கொண்டு நிற்பார்கள்.

அவருடைய முதலாவது சட்டம், ஆறு மணித்தியாலம் முந்திப் போகவேண்டும். கனடாவுக்கு வெளிக்கிட்ட ஒரு மனுசியை அவர் அவ்வளவு நேரத்தோடு கொண்டுபோய் இருத்தியதில், அவ வாங்கிலிலேயே நித்திரையாகி பிளேனை விட்டுவிட்டா. அதற்கு அண்ணை சொன்ன விளக்கத்தை வெம்பிளியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்: "இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுபோயிருக்க வேணும். நித்திரை கொண்டு எழும்பியிருப்பா."

இப்படிப்பட்டவரோடு நான் ஏன் பாலைவனத்துக்குப் போனேன் என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி வதனியும் பிறகு கேட்டாள். ஆனால் அனுப்பி வைத்தவள் அவள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் தம்பி, வீட்டில் சின்னவன் என்போம், வளைகுடா நாடொன்றில் ஒரு பாலைவன ஹோட்டலில் உடுப்புத் தோய்க்கிற லோன்றியில் வேலை செய்தான். அவனுக்குப் பதினாலு வயதாக இருந்தபோது கொழும்பு பஸ்சில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு பதினொரு வருசம் நான் அவனைக் காணவில்லை. என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பத்திரம். அதைக் கொண்டு பிறந்த நாட்டைத் தவிர எங்கேயும் போகலாம். அவனுக்கு லண்டன் விசா இரண்டு தரம் இல்லையென்றாகிவிட்டது. ஐந்து வருசம் முடித்த வேலையாளின் சொந்தக்காரர் நான்கு நாள் வந்து தங்கலாம் என்று அந்த ஹோட்டலில் ஒரு வழக்கம். விசாவும் ஹோட்டலே எடுத்துத் தரும். "அண்ணை, அடுத்த மாதம் எனக்கு கொன்ட்ராக்ட் முடியுது. பேந்து எந்த நாடோ தெரியாது. வாறதெண்டா இப்ப வாங்கோ" என்று எழுதியிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நிற்கக்கூடிய இடமென்று உலகத்தில் அப்போது அந்த ஒரு ஹோட்டல்தான் இருந்தது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரு படிவம் நிரப்புவதென்றாலே வதனியைத்தான் கூப்பிடுவேன். வீட்டைப் பூட்டினால் காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்று நான்கு தரம் திரும்பி வந்து பார்க்கிற ஆள். வதனி பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வர ஏலாது. அறையில் இரண்டு கட்டில் என்று சின்னவன் எழுதியிருந்தான்.

"இஞ்சேருங்கோ, ட்ரொலி அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் தனியப் போனா அடுப்பைப் பாக்க எண்டு பிளேனாலை இறங்கி வந்துடுவியள்" என்றாள் வதனி.

அண்ணை ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. "நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

மூன்று வாரம் ஒத்திகை. அவருடைய வீட்டு முன்னறையில் சாப்பாட்டு மேசைதான் குடிவரவுக் கவுண்டர். அவர் பின்னால் இருப்பார், தலையில் பெற்றோல் ஸ்டேசன் தொப்பி. நான் பையோடு கதவடியில் இருந்து நடந்து வரவேண்டும். நடை பிழைத்தால் திருப்பி அனுப்புவார்.

"என்னத்துக்கு வந்தனீர்?"

"சுத்திப் பாக்க."

"ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ?"

"ஓம், என்ரை தம்பி..."

மேசையில் பட்டென்று அடிப்பார். "விசரா! ஆர் கேட்டது உன்ரை குடும்பக் கதை? சொந்தக்காரர் இருக்கெண்டா, நீ அங்கை ஒளிச்சு நிண்டிடுவாய் எண்டு நினைப்பான். இல்லை எண்டு சொல்லு. சொன்னதை மாத்தினியோ, வந்த பிளேனிலேயே திருப்பி ஏத்துவான்."

எண்பதுகளில் ஒரு சொல் அதிகமாகச் சொல்லித் திரும்பிப் போனவர்களை அவர் கண்ணால் கண்டவர். ஆகவே நானும் மனப்பாடம் செய்தேன். பஸ்சில், வேலையில், குளிக்கும்போது. 'இல்லை, இல்லை, இல்லை.' ஒருநாள் வதனி "சாப்பிட்டியளோ?" என்று கேட்க அதே குரலில் "இல்லை" என்றேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றேன்.

பயணத்தன்று ஆறு மணித்தியாலம் முந்தி ஹீத்ரோ. கவுண்டர் திறக்கவில்லை, அங்கே வேலை செய்கிறவர்களும் வீட்டில் இருந்து வெளிக்கிட்டிருக்க மாட்டார்கள். அண்ணை தன் கைப்பையில் இருந்து குளியலறைத் தராசை எடுத்தார். ஆமாம், குளியலறையில் ஏறி நின்று பாரம் பார்க்கிற தராசு. அதுவே மூன்று கிலோ.

"பெட்டி ரெண்டு கிலோ கூட."

"தராசை விட்டிட்டு வந்திருந்தா அந்த ரெண்டு கிலோவையும் கைப்பையிலை வைச்சிருக்கலாமே, அண்ணை?"

"தராசில்லாட்டி ரெண்டு கிலோ கூட எண்டு எப்பிடித் தெரியும்?"

சின்னவனுக்கென்று வதனி வறுத்து இடித்த மிளகாய்த்தூளை விட்டுவிட ஏலாது. ஆகவே இரவில் குளிரும் என்று அவரே பெட்டியில் வைப்பித்த இரண்டு ஸ்வெற்றரையும் குளிர்க் கோட்டையும் எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். பாலைவனத்துக்கு அப்படித்தான் போய் இறங்கினேன்.

இறங்கிய இடத்தில் காலை ஒன்பது மணிக்கே காற்று அடுப்புக்கு மேலால் வருவதுபோல வந்தது. வரிசையில் நிற்கும்போது என் மூக்கு நுனியால் வியர்வை சொட்டியது. அண்ணை அப்போது பிரிட்டிஷ் பாஸ்போட்காரர். பக்கத்து வரிசையில் இரண்டு நிமிசத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய், எனக்குப் பெருவிரலைக் காட்டிவிட்டு ட்ரொலி தேடப் போய்விட்டார்.

எனக்கு வாய்த்த அதிகாரி நல்ல மனுசன். சிரித்த முகம்.

"இந்த நாட்டில் உங்களுக்கு உறவினர் இருக்கிறார்களா?"

"இல்லை."

அவர் முன்னால் கிடந்த கடிதத்தைப் பார்த்தார். "எங்கள் ஊழியரின் அண்ணன் வருகிறார் என்று ஹோட்டல் எழுதியிருக்கிறது."

மேசையில் அண்ணை அடித்த சத்தம் காதில் கேட்டது. சொன்னதை மாற்றினால் திருப்பி ஏற்றுவான். "இல்லை" என்றேன்.

"உங்கள் தகப்பன் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் ஒன்று."

"எங்கட ஊரிலை அந்தப் பெயர் கனபேருக்கு இருக்கு."

"வெளியே ஒருவர் உங்கள் பெயர் எழுதிய மட்டையோடு விடியற்காலையில் இருந்து நிற்கிறார். அவரையும் தெரியாதா?"

என் தம்பி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். நீலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு என்னை ஒரு வாங்கிலில் இருத்தினார். பின்னேரம் நாலு மணிக்கு லண்டன் பிளேன் இருக்கிறது, அதில் அனுப்ப வேண்டி வரலாம் என்றார். கோட்டுக்குள் வெந்துகொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். யோசித்துப் பார்த்தால், நானாகவே எழும்பிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரம் பழகிய வாய் அது. திறந்தால் 'இல்லை' என்றுதான் வரும்.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு ட்ரொலி வந்தது. ஒருவரும் திரும்பி வராத வழியால், காவலுக்கு நின்ற பொடியனையும் விலத்திக்கொண்டு ட்ரொலி அண்ணை வந்தார். கண்ணாடியால் என்னை வாங்கிலில் கண்டதுமே அவருக்கு விசயம் விளங்கியிருக்கும். நேரே அதிகாரியின் மேசைக்குப் போய் நெஞ்சில் கையை வைத்தார்.

"சேர், ஹீ நோ லையர். ஐ லையர். ஐ டீச்சர்."

அதோடு நின்றிருக்கலாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு என்று மேசையில் அடித்தவர் பிறகு அரை மணித்தியாலம் நிற்பாட்டாமல் கதைத்தார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஒத்திகைக்கு நடுவில் நான் எப்போதோ வாய்தவறிச் சொன்னதெல்லாம் வந்தது. பஸ்சில் ஏறும்போது சின்னவனின் ஒரு செருப்பு அறுந்தது, நான் என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தது, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தது. அதுமட்டுமென்றால் பரவாயில்லை. நான் அடுப்பை நான்கு தரம் பார்ப்பது, எனக்கு வாய்வு சரியில்லாதது, நித்திரையில் நான் கதைக்கிறேன் என்று வதனி சொன்னது எல்லாவற்றையும் ஒரு வேற்று நாட்டு அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டார்.

அதிகாரி இரண்டு தரம் கையை உயர்த்தினார். அண்ணை நிற்கவில்லை. மூன்றாம் தரம் அந்த மனுசன் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்கள் நான்கு நாள் நில்லுங்கள். ஆனால் தயவுசெய்து இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்."

வெளியில் மீசை வைத்த ஒரு ஆம்பிளை மட்டையோடு நின்றான். நான் அவனைத் தாண்டிப் போய்விட்டேன். நான் தேடியது பதினாலு வயதுப் பொடியனை. "அண்ணை" என்று பின்னால் கேட்ட குரலும் மாறித்தான் இருந்தது. கூப்பிட்ட விதம் மாறவில்லை.

ஹோட்டலைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். நடுவில் ஒரு கட்டடம் மஞ்சள், ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று கிளிப்பச்சை, ஒன்று ரோஸ். கதவுகள் எல்லாம் வேறு நிறம். அண்ணை இறங்கி நின்று பார்த்தார். "உது ஹோட்டலோ, கலியாண வீட்டுப் பலகாரத் தட்டோ?"

எங்களுக்குக் கிடைத்தது கத்தரிப்பூக் கட்டடம். கட்டிலில் குளிக்கிற துவாயை அன்னம்போல மடித்து வைத்திருந்தார்கள். நான் எடுக்கப் போக அண்ணை பாய்ந்து தடுத்தார். "தொடாதை! அவிட்டா உன்னாலை திரும்ப மடிக்க ஏலுமோ? போகேக்கை கணக்குப் பாப்பாங்கள்." ஐந்து நட்சத்திர ஹோட்டலில் முதல்நாள் நாங்கள் குளித்துவிட்டு, இடுப்பில் கட்டுகிற சாரத்தால் துடைத்தோம். அடுத்தநாள் சின்னவன் வந்து அன்னத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது நான்தான் மடிச்சது, அண்ணை. ஒரு நாளைக்கு இருநூறு மடிப்பன்." அவிட்டு உதறி என் தோளில் போட்டான்.

அண்ணையால் வந்த தலையிடி அதோடு முடியவில்லை. வரவேற்பு மண்டபத்தில் தராசை வைத்துக்கொண்டு, வெளிக்கிடுகிற ஜெர்மன்காரரின் பெட்டிகளை நிறுத்தார். ஒரு வயதான ஜெர்மன் மனுசியை எட்டு மணித்தியாலம் முந்தி எயர்போட்டுக்கு அனுப்பிவிட்டார். பாலைவனத்தில் மணற்புயல் வரலாமாம், இரண்டு மணித்தியாலம் கூட. சின்னவன் ஹோட்டலில் அண்ணையை மாமா என்றுதான் பதிந்திருந்தான். மனேச்சர் அவனைக் கூப்பிட்டு, "உன் மாமாவுக்கு நீந்தப் பிடிக்காதா?" என்று கேட்டார்.

பகலில் மட்டும் அவர் அறையில் தங்கவே இல்லை. சின்னவன் லோன்றியால் வந்து கதவைத் தட்டுவான். அண்ணை தொப்பியை எடுப்பார். "உந்த ஏசி எனக்கு ஒத்துவராது. இருமும். நான் வெளியிலை இருக்கிறன்." சப்பாத்தும் காற்சட்டையும் போட்டபடி நீச்சல் குளத்தடியில், ஒரு நிழலும் இல்லாத கதிரையில் போய் இருப்பார். எங்களுக்கும் நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன். நானும் சின்னவனும் அந்தக் கட்டில்களில் எதிர் எதிரே படுத்துக்கொண்டு, பதினொரு வருசத்தையும் கதைத்தோம். சில நேரம் மிளகாய்த்தூள் போத்தலை மணந்து பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

கடைசிநாள் எயர்போட் வாசலில் சின்னவன் ஒரு சின்னக் கிரீம் குப்பியை என் பொக்கற்றுக்குள் வைத்தான். "ட்ரொலி அண்ணைக்கு. ஹோட்டல் வெள்ளைக்காரர் வெயிலுக்குப் பூசுறது."

"அந்த மனுசனை ஆர் வெயிலுக்கை போய் இருக்கச் சொன்னது? ஏசி ஒத்துவராதாம்."

சின்னவன் என்னைப் பார்த்தான். "முதல்நாளே லோன்றிக்கு வந்து என்ரை ஷிப்ட் எப்ப முடியுது, எப்ப தொடங்குது எண்டு கேட்டு எழுதிக்கொண்டு போனவர். லோன்றிக்குப் பக்கத்து ஏசி அறையிலை அரை மணித்தியாலம் நிண்டு கதைச்சவர். ஒரு இருமலும் இல்லை."

பிளேனில் அண்ணை ஜன்னல் பக்கம் இருந்து, நான் பெல்ற்றைப் பிழையாகப் போட்டிருக்கிறேன், பையைப் பிழையான இடத்தில் வைத்திருக்கிறேன், சாப்பாட்டில் பிழையானதைக் கேட்டுவிட்டேன் என்று பேசிக்கொண்டே வந்தார். எனக்கு வழமைபோல எரிச்சல் வந்தது. அவருடைய பிடரியும் காதுகளும் கறுத்து, தோல் உரிந்து தொங்கின. குப்பியைத் திறந்தேன்.

"என்ன செய்யிறாய்?"

"பேசாமல் குனியுங்கோ."

குனிந்தார். தொட்டதும் நெளிந்தார். "மெல்லப் பூசடா, விசரா."

மெல்லத்தான் பூசினேன்.